கரவனுக்குப் புதுச் சில்லு

எனக்கு வேலை கிடைத்த அன்றுதான் என் கணவருக்கு காருக்குப் பின்னால் கொளுவி இழுக்கிற எங்கள் கரவனின் சில்லுகளில் குறை தெரிந்தது. அதற்கு முன்பு ஒரு வருடமாக அது எங்கள் வளவில் எலுமிச்சை மரத்தடியில் சும்மா நின்றது. அதன் சில்லு வட்டமா சதுரமா என்றுகூட அவர் குனிந்து பார்த்ததில்லை.

அது எழுபத்தைந்தாம் ஆண்டின் கடைசி. நாங்கள் மெல்பேர்ணின் டண்டினொங்கில் மார்கரெட் வீட்டின் பின்புறத்தில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்து இருந்தோம். மார்கரெட் மலேசியத் தமிழ்ப் பெண், ஆஸ்பத்திரி நேர்ஸ். எங்களிடம் ரெலிபோன் இல்லாததால் ஒரு நாள் பயணத் தூரத்தில் உள்ள சுவான் ஹில் பள்ளிக்கூட அதிபர் அவள் வீட்டுக்குத்தான் அழைத்தார். கணிதம் படிப்பிக்க ஆள் தேவை, பெப்ரவரியில் பள்ளிக்கூடம் திறக்கிற அன்று நான் அங்கே நிற்க வேண்டும், நிற்காவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும் என்றார். ஊரில் வாடகைக்கு வீடு கிடையாது, பழம் பறிக்க வருகிறவர்கள் எல்லாவற்றையும் பிடித்துவிட்டார்கள், ஆற்றங்கரையில் கரவன்கள் நிறுத்துகிற இடம் மட்டும் இருக்கிறது என்றும் சொன்னார். எங்களிடம் கரவன் இருக்கிறது என்று நான் கத்திய கத்தலில் குசினியில் நின்ற மார்கரெட் ஓடிவந்தாள்.

நான் பேராதனையில் கணிதம் படித்தவள். மெல்பேர்ணுக்கு வந்த பிறகு மூன்று வருடமாக ஒரு தொழிற்சாலையில், ஓடுகிற பட்டிக்கு முன்னால் நின்று, பட்டாணிக்குள் கறுத்த பட்டாணியைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கண்ணை மூடினாலும் பட்டாணி ஓடும். இந்த வேலை கைவிட்டுப் போனால் இன்னொரு தடவை யாரும் என்னைக் கூப்பிடப் போவதில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

என் கணவர் யோகேஸ்வரன் இலங்கையில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வாய்க்கால், மதகுகளுக்குப் படம் வரைந்தவர். இங்கே கார் உதிரிப்பாகங்கள் வைக்கிற ஸ்ரோரில் வேலை. அங்கே அவரைப் பகுதிக்குப் பொறுப்பாளராகப் போடப் போவதாக ஒரு பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. நான் வேலை கிடைத்த செய்தியைச் சொன்னபோது சந்தோஷம் என்றார், உண்மையாகவே முகம் மலர்ந்துதான் சொன்னார். பிறகு கைவிளக்கை எடுத்துக்கொண்டு போய்க் கரவனுக்குக் கீழே படுத்துவிட்டார்.

கரவனை நாங்கள் கிரான்பர்னில் ஒரு கிழவனிடமும் கிழவியிடமும் வாங்கினோம். ஐம்பதுகளில் செய்தது. ஒட்டுப்பலகை உடம்பு, முட்டை மாதிரி உருண்ட முன்பக்கம், உள்ளே இரண்டு கட்டில், மடிக்கிற மேசை, ஒரு காஸ் அடுப்பு. விடுமுறைக்குக் கடற்கரைக்குப் போகலாம் என்றுதான் வாங்கினோம். ஒரு நாளும் போகவில்லை.

சில்லுகளைப் பற்றி அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, எனக்குக் கோபம் வந்ததும் அதனால்தான். ஏதோ பழைய இங்கிலீஸ் காரின் சில்லுகள் அவை, உயரமாகவும் ஒல்லியாகவும் இருந்தன. ரயர் வெடித்து வெடித்து நூல் தெரிந்தது. அந்த அளவில் ரயர் இப்போது எந்தக் கடையிலும் இல்லை. அதோடு காரின் சில்லு ஒரு மாதிரி, கரவனின் சில்லு வேறு மாதிரி என்றால் மேலதிகச் சில்லும் இரண்டு கொண்டுபோக வேண்டும். கரவனுக்கும் எங்கள் ஹோல்டன் காரின் சில்லையே பூட்டினால் ஒன்று போதும். நல்ல யோசனைதான் என்று நானே வாயைக் கொடுத்தேன்.

முதல் சனிக்கிழமை பழைய கார் உடைக்கிற இடத்தில் இரண்டு ரிம் வாங்கி வந்தார். ஓட்டைகள் பொருந்தவில்லை. சில்லு பூட்டுகிற நடுப்பகுதியையே மாற்ற வேண்டும் என்று அடுத்த கிழமை அதைத் தேடிப் போனார். அது கிடைத்துப் பூட்டியபோது, காருக்குப் போடுகிற ரயர் கரவன் பாரத்துக்குத் தாங்காது, வான்களுக்குப் போடுகிற தடித்த ரயர்தான் வேண்டும் என்று கடையில் சொன்னார்கள். தடித்த ரயர் வந்தது. அது மட்காட்டின் உள்பக்கத்தில் உரசியது. தகரத்தை வெட்டி விளிம்பை மடித்தார். அதற்குப் பிறகு பார்த்தால், புதுச் சில்லு பழையதைவிடச் சின்னது என்பதால் கரவன் பதிந்து போய், மூக்கை மேலே தூக்கிக்கொண்டு நின்றது. வில்லுக்கு மேலே இரும்புக்கட்டை வைத்து அதைச் சரிப்படுத்த ஒரு கிழமை.

ஒவ்வொரு சனிக்கிழமை பின்னேரமும் நான் போய், முடிந்ததா என்று கேட்பேன். இன்னும் ஒரு சின்ன வேலை இருக்கிறது என்பார். அந்தச் சின்ன வேலை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு உடம்பு எரியத் தொடங்கிவிட்டது.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நத்தார்ப் பண்டிகை முடிந்ததும் பட்டாணி வேலையை விட்டுவிட்டேன். பகல் முழுக்க வீட்டில். சட்டி பானையைப் பெட்டியில் அடுக்குவேன், இரவுச் சமையலுக்குத் திரும்ப எடுப்பேன். புத்தகங்களைக் கரவனுக்குள் கொண்டுபோய் வைப்பேன், பாரம் ஏற்றினால் கரவனைத் தூக்கி வைத்திருக்கிற ஜக்கு வழுக்கும் என்று அவர் இறக்கி வைப்பார். வளவின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நடந்து நடந்து புல்லில் ஒரு பாதையே விழுந்துவிட்டது. மத்தியானம் சமைக்கிற வேளையில் கரும்பலகையில் எழுதுவதுபோல் சுவரில் விரலால் சமன்பாடுகளை எழுதிப் பார்ப்பேன். பட்டாணி என் மூளையைத் தின்று தீர்த்துவிட்டதோ என்று எனக்கு ஒரு பயம்.

ஒரு நாள் மார்கரெட் வேலியோரம் துணி காயப்போட்டபடி என்னைக் கூப்பிட்டாள். தன் கணவன் ஏசுதாசனிடம் என் கணவர் ஒரு விஷயம் கேட்டாராம். பழத்தோட்டங்கள் உள்ள ஊரில் ஒரு ஆம்பிளை என்ன வேலை செய்யலாம் என்று. திராட்சை பறிக்கலாம் என்று ஏசுதாசன் சொல்லிச் சிரித்திருக்கிறார். என் கணவர் சிரிக்கவில்லையாம்.

“கோவிச்சுக்காதீங்க கமலினி” என்றாள் மார்கரெட். “அவரு சக்கரத்துக்காக இவ்ளோ பாடுபடல. போறதுக்கு அவருக்குப் பயமா இருக்கு.”

எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, கோபம்தான் வந்தது. அவருக்குத் திருகோணமலைக்கு மாற்றம் வந்தபோது நான் படிப்பித்த பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பின்னால் போனேன். கிளிநொச்சிக்கு மாற்றம் வந்தபோதும் போனேன். கடல் கடந்து இங்கே வரவேண்டும் என்று அவர் சொன்னபோதும் வந்தேன். அப்போதெல்லாம் எந்த வண்டியின் சில்லையும் நான் கழற்றி வைத்துக்கொண்டு இருக்கவில்லை.

ஜனவரி கடைசியில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். கார் பின்னால் வந்து கரவனோடு பொருந்தியது. சில்லு உரசவில்லை, மூக்குத் தூக்கவில்லை. அன்று பின்னேரம் பார்க்கிறேன், மனிசன் இரண்டு சில்லையும் கழற்றிக் கதிரையில் சாய்த்து வைத்துவிட்டுப் பெயின்ற் பூசிக்கொண்டிருக்கிறார். வெண்ணெய் நிறம். கரவனின் பக்கத்தில் ஓடுகிற கோட்டுக்குப் பொருத்தமாக இருக்குமாம். ஒரு பூச்சுக் காய்ந்ததும் அடுத்த பூச்சு, அதற்கு மேலே மூன்றாவது பூச்சு. அந்தக் கிழமை முழுக்க மழைத்தூறல், பெயின்ற் காயவே இல்லை. நான் அவரோடு கதைப்பதை நிறுத்திவிட்டேன். அவரும் பெயின்றோடுதான் கதைத்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் வெள்ளிக்கிழமை புறப்படுவது என்று நானே சொல்லிவிட்டேன். செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம். இனித் தள்ளிப்போட நாள் இல்லை.

எழுபதுகளில் மெல்பேர்ணில் எங்களுக்கு ஒரு கோயில் கிடையாது, ஐயரும் கிடையாது. புது வாகனத்துக்குப் பூசை செய்வதென்றால் நானேதான் ஐயர். தேசிக்காய் வாங்கக் கடைக்குப் போனால் அந்தச் சின்ன உருண்டைத் தேசிக்காய் என்று ஒன்று இங்கே இல்லை. வளவு மரத்தில் காய்த்திருந்தது கைமுட்டி அளவுப் பெரிய எலுமிச்சம்பழம், தோல் ஒரு விரல் மொத்தம். சாமிக்கு அது தெரியும், கோவிக்கமாட்டார் என்று அதையே பறித்தேன்.

வெள்ளிக்கிழமையில் பத்தரைக்கு இராகு காலம் தொடங்கும். அதற்கு முன்னால் வண்டி வளவைவிட்டு இறங்க வேண்டும். நான் எல்லாம் ஆயத்தமாக நிற்க, அவர் ஸ்பனரோடு சில்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். பூட்டிய நட்டுகளை இன்னொரு தடவை முறுக்கிப் பார்க்க வேண்டும், அவசரப்பட வேண்டாம் என்றார். கோடைகாலத்தில் அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளி வைத்திருக்கிறது, ஆகவே சூரியனுக்குப் பத்தரை ஆகும்போது எங்களுக்குப் பதினொன்றரை, இராகு சூரியனைத்தான் பார்ப்பாரே தவிர மெல்பேர்ண் மணிக்கூட்டைப் பார்க்கமாட்டார் என்று ஒரு நீண்ட விளக்கம் வேறு. படம் வரைந்த மூளை அல்லவா. எனக்கு மார்கரெட் வீட்டுச் சுவரில் இருக்கிற மணிக்கூடு ஒன்றுதான் தெரியும், அது பத்தைத் தாண்டிவிட்டது என்று சொல்லி, ஸ்பனரைப் பிடுங்கிக் காருக்குள் எறிந்தேன்.

அம்மா பார்சலில் அனுப்பிய சந்தனம் இருந்தது. குழைத்துக்கொண்டு போய் ரயரில் பொட்டு வைத்தேன். புது ரப்பர், ஒட்டவில்லை. சரி என்று ஒரு நட்டின் மேல் வைத்தேன். நன்றாக ஒட்டிக்கொண்டது. ஒன்றுக்கு வைத்தால் மற்றவை பாவம் போல் இருந்தது. ஒவ்வொரு சில்லிலும் ஐந்து நட்டு, பத்துக்கும் வைத்தேன். பதட்டத்தில் கை தாராளமாகிவிட்டது. சந்தனம் நட்டிலிருந்து வழிந்து ரிம்மிலும் அப்பிக்கொண்டது, அதன் நடுவில் குங்குமம். தான் மூன்று தடவை பூசிய வெண்ணெய் நிறத்தின் மேல் இப்படி அப்பி வைத்திருக்கிறேனே என்று அவர் முகம் சுருங்கியது.

எலுமிச்சம்பழங்கள் சில்லுக்குக் கீழே நசுங்கி, சாறு மார்கரெட்டின் கண்ணாடி யன்னல்வரை தெறித்தது. அவள் வாசலில் நின்று சிலுவைக் குறி போட்டாள். நாங்கள் புறப்பட்டோம்.

மெல்பேர்ணைத் தாண்டும்வரை நான் மூச்சே விடவில்லை. கீலோர் போய், கிஸ்போர்ண் மேட்டில் கார் முக்கி முக்கி ஏறியபோதுதான் இனி இது திரும்பாது என்று ஒரு நம்பிக்கை வந்தது. பாட்டுப் பாடவேண்டும் போலக்கூட இருந்தது. அவர் ஸ்ரேரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியில் பின்னால் பார்ப்பதும் முன்னால் பார்ப்பதுமாக இருந்தார். வூட்எண்ட் ஊருக்குக் கொஞ்சம் முன்னால் மரநிழல் கண்டு தேத்தண்ணி குடிக்க நிறுத்தினோம்.

கோப்பை எடுக்கக் கரவன் கதவடிக்குப் போனேன். இடதுபக்கச் சில்லு அந்தக் கதவுக்குப் பக்கத்தில்தான். அதைப் பார்த்த உடனே கோப்பையை மறந்து குந்திவிட்டேன்.

பொட்டுகள் பிளந்து போயிருந்தன. ஒன்று இரண்டு அல்ல, ஐந்தும். நட்டின் மேல் இருந்த பாதி ஒரு பக்கம், ரிம்மில் இருந்த பாதி இன்னொரு பக்கம். அபசகுனம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதற்குப் பிறகுதான் பேராதனையில் படித்தது வேலை செய்தது. காய்ந்து ஒட்டிய சந்தனம் தானாக நகராது. நகர்ந்தது நட்டு. கையை நீட்டி ஒரு நட்டைத் தொட்டேன். என் விரலுக்கே அது சுழன்றது.

“இஞ்சேருங்கோ” என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. திரும்பவும் கூப்பிட்டேன்.

அவர் வந்து குந்தினார். ஐந்து நட்டையும் ஒன்றொன்றாகத் தொட்டுப் பார்த்தார். இன்னும் கொஞ்சத் தூரம் ஓடியிருந்தால் சில்லு கழன்று, கரவன் எங்களையும் இழுத்துக்கொண்டு பள்ளத்துக்குள் போயிருக்கும். எதிரே வந்த லொறிக்கு முன்னாலும் போயிருக்கலாம். ஸ்பனரைக் கொண்டுவந்து ஒரு நட்டைக் கழற்றி உள்ளே பார்த்தார். நட்டு அழுத்திய இடத்தில் வெண்ணெய் நிறம் நசுங்கி, தோலாக உரிந்திருந்தது. மூன்று பூச்சுப் பெயின்றை நட்டுக்கும் இரும்புக்கும் நடுவில் வைத்து முறுக்கியிருக்கிறார். பெயின்ற் நசிய நசிய நட்டு இளகிவிட்டது.

“திரும்புவம்” என்றார். “இது சரிவராது. திரும்பிப் போவம், கமலி.”

இரண்டு மாதமாக அவர் தேடிக்கொண்டிருந்த காரணம் இப்போது கையில் கிடைத்துவிட்டது, அதுவும் உண்மையான காரணம். எனக்குள் எதுவோ அறுந்தது. கேட்கக்கூடாததைக் கேட்டேன்.

“வேணுமெண்டுதான் இளக்கி விட்டனீங்களோ?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். எங்கள் கலியாணம் நடந்த நாளிலிருந்து அப்படி ஒரு பார்வையை நான் பார்த்ததில்லை. ஒரு லொறி எங்களைக் கடந்து போனது.

“கரவன் வளவுக்கையே நிக்கவேணும் எண்டு நினைச்சனான்” என்றார் பிறகு. “அது உண்மை. ஒவ்வொரு கிழமையும் ஏதாவது ஒரு பிழை வந்தால் நல்லம் எண்டு நினைச்சனான். ஆனால் ரோட்டில சில்லுக் கழர வேணும் எண்டு நினைக்கேல்லை. உம்மை ஏத்திக்கொண்டு நான் அப்பிடிச் செய்வனே?”

செய்யமாட்டார். அது எனக்குத் தெரியும். இருந்தாலும் இறங்கிவர மனம் வரவில்லை. ஏன் நிற்கவேண்டும் என்று நினைத்தீர்கள் என்று கேட்டேன்.

“அங்க எனக்கு என்ன இருக்கு? ரீச்சரின்ர மனிசன் எண்டுதானே சொல்லுவினம்.”

“மூண்டு வருசம் நான் ஸ்ரோர்காரன்ர மனிசியா இருந்தனான்” என்றேன். “அதுக்கு முதல் படவரைஞரின்ர மனிசி. திருகோணமலையில, கிளிநொச்சியில, டண்டினொங்கில. எனக்கு எங்கையாவது கை கால் குறைஞ்சுதோ?”

நான் அழுதுகொண்டிருந்தேன். அழுகை வருவது எனக்குப் பிடிக்காது, அதனால் இன்னும் கோபம் வந்தது.

“நீங்கள் திரும்பிறதெண்டால் வூட்எண்டில ரெயின் எடுத்துத் திரும்புங்கோ” என்றேன். “கரவன் திரும்பாது. சில்லு மாத்தத் தெரியாட்டியும் கார் ஓட்ட எனக்குத் தெரியும்.”

சொல்லிவிட்டேனே தவிர, ஒரு கரவனை இழுத்துக்கொண்டு நான் ஒரு அடிகூட ஓட்டியதில்லை. அவருக்கும் அது தெரியும். அவர் கொஞ்ச நேரம் சில்லைப் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தார். பிறகு எழுந்து போய் ஜக்கைக் கொண்டுவந்தார். வெங்காயம் வெட்டுகிற கத்தி எங்கே என்று கேட்டார்.

சில்லைக் கழற்றித் தரையில் போட்டு, நட்டு உட்காருகிற இடங்களில் எல்லாம் பெயின்றைச் சுரண்டினார். அவ்வளவு நாள் பார்த்துப் பார்த்துப் பூசியதை நெற்றி வியர்வை வழிய வழியச் சுரண்டினார். இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகுதான் விட்டார். வலதுபக்கத்தில் பொட்டு ஒன்றுதான் பிளந்திருந்தது. அந்தச் சில்லையும் கழற்றிச் சுரண்டினார். நான் சரளைக்கல்லில் உட்கார்ந்து, ஆறிப்போன தேத்தண்ணியைக் கையில் வைத்திருந்தேன். எங்களில் யார் வெல்வது என்று எனக்கு அப்போதும் தெரியாது. சில்லு சரியான பிறகு கார் எந்தப் பக்கம் திரும்பும் என்பதும் தெரியாது.

எல்லா நட்டையும் முறுக்கி முடித்துக் கையைத் துடைத்தார்.

“சந்தனம் மிச்சம் இருக்கோ?” என்று கேட்டார்.

இருக்கிறது என்றேன்.

“அப்ப பொட்டை வையும். முந்தி வைச்ச மாதிரி, ரிம்மிலயும் படுகிற மாதிரி வையும். பத்துக்கும்.”

தேத்தண்ணியிலேயே சந்தனத்தைக் குழைத்து வைத்தேன். காய்வதற்குக் கொஞ்ச நேரம் விட்டோம். பிறகு அவர் கார்த் திறப்பை என்னிடம் நீட்டினார்.

“நீர் ஓட்டும். மெல்ல, நடை வேகத்தில. வூட்எண்ட்மட்டும் நான் பக்கத்தில நடந்து வாறன். சில்லு ஆடுதோ எண்டு பாக்கவேணும்.”

அப்படித்தான் போனோம். நான் முதல் கியரில், மூச்சைப் பிடித்தபடி ஓட்டினேன். அவர் ரோட்டோரச் சரளையில், இடதுபக்கச் சில்லுக்குப் பக்கத்தில், குனிந்தபடி நடந்தார். பின்னால் வந்த கார்கள் ஹோர்ண் அடித்தன, சிலர் தலையை வெளியே நீட்டி ஏதோ சொல்லிவிட்டுப் போனார்கள். ஆபீஸ் சப்பாத்தும் நீளக் காற்சட்டையும் போட்ட ஒரு கறுத்த மனிசன் ஒரு சில்லோடு சேர்ந்து நடப்பதை அந்த ரோட்டில் யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். கண்ணாடியில் அவரின் குனிந்த முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது. திரும்பிப் போகவேண்டும் என்று சொன்ன மனிசன் நான் போகவேண்டிய திசையில் நடந்துகொண்டிருக்கிறார் என்று நினைத்தபோது, கோபமாக இருப்பது கஷ்டமாகிவிட்டது.

வூட்எண்டில் காருக்குள் ஏறினார். கைன்ரனில் நிறுத்திப் பார்த்தோம், பொட்டுகள் பிளக்கவில்லை. பெண்டிகோவில் பார்த்தோம், பத்தும் முழுசாக இருந்தன. அதற்குப் பிறகு அவர் தானே ஓட்டினார். சுவான் ஹில்லுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது.

ஆற்றங்கரையில் எங்களுக்குத் தந்த இடத்தில் கரவனை நிறுத்தினோம். சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் அவர் கரவனடியில் இருக்கவில்லை. ஊர் பார்க்கப் போகிறேன் என்று நடந்து போவார், முழங்கால்வரை சேறு அப்பி வருவார். தோட்டங்களுக்குப் போகிற வாய்க்கால்களைப் பார்த்தாராம். ஒரு மதகு சரியான மட்டத்தில் வைக்கப்படவில்லை, தண்ணீர் வீணாகப் போகிறது என்று சோற்றைப் பிசைந்தபடி சொன்னார். நான் ஓம் என்றேன். காதில் விழுந்தது பாதிதான். செவ்வாய்க்கிழமை ஒன்றுதான் என் தலைக்குள் இருந்தது, அதற்குப் பின்னால் அவர் என்ன செய்வார் என்று கேட்கப் பயந்தேன். மார்கரெட் வீட்டு அறைகளை பெப்ரவரி முடியும்வரை நாங்கள் விடவில்லை. அவரது ஸ்ரோர் வேலைக்கும் லீவுதான் போட்டிருந்தார். என்னைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவதற்கு எல்லாக் கதவும் திறந்துதான் கிடந்தது.

செவ்வாய்க்கிழமை காலை நான் சேலை உடுத்திக்கொண்டிருந்தபோது கரவன் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கண்ணாடி மேசையிலிருந்து வழுக்கி விழுந்தது. வெளியே எட்டிப் பார்த்தேன். மனிசன் ஜக்கைப் போட்டு இடதுபக்கச் சில்லைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

ஊசி குத்தாத முந்தானையைக் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கினேன். இன்றைக்குமா, இன்றைக்கும் ஒரு சின்ன வேலை இருக்கிறதா என்று பக்கத்துக் கரவன்காரர் எல்லாம் எழும்பக் கத்தினேன். இன்னும் என்ன குறை என்று கேட்டேன்.

“குறை ஒண்டுமில்லை” என்றார், நிமிராமல். “சில்லு நல்ல சில்லு.”

பக்கத்தில் செங்கற்களும் மரக்கட்டைகளும் அடுக்கி வைத்திருந்தார். அவற்றின் மேல் கரவனை மெதுவாக இறக்கினார். மற்றப் பக்கத்துக்குப் போய் அந்தச் சில்லையும் கழற்றி, அங்கேயும் கட்டை வைத்தார். மட்டம் பார்க்கிற கோலை வாசற்படியில் வைத்து, குமிழி நடுவுக்கு வரும்வரை ஒரு கட்டையைத் தட்டினார். நான் அப்படியே நின்றேன். அவர் இரண்டு சில்லையும் உருட்டிக்கொண்டுபோய்க் கரவனுக்கு அடியில் படுக்க வைத்தார். பிறகு பத்து நட்டையும் தான் முகம் துடைக்கிற லேஞ்சியில் முடிந்து என் கையில் வைத்தார். பொட்டுகள் இன்னும் அவற்றில் ஒட்டிக்கொண்டிருந்தன.

“உம்மட பைக்குள்ள வைச்சிரும்” என்றார். “என்ரை கையில இருந்தால் நான் பிறகும் ஏதாவது யோசிப்பன்.”

முந்தானைக்கு ஊசி குத்துங்கோ என்றேன். அவர் கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டுக் குத்தினார். சேலையில் எண்ணெய் பட்டது.

பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்பு. இருபது முப்பது பிள்ளைகள், எல்லோரும் என் சேலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கைப்பையை மேசையில் வைத்தேன். நட்டுகள் கலகலவென்று ஒலித்தன. முன்வரிசையில் இருந்த ஒரு பெண்பிள்ளை, உள்ளே என்ன, மிஸ் என்று கேட்டாள். என் வீட்டுச் சாமான் என்று சொல்லிவிட்டு வெண்கட்டியை எடுத்தேன். இரண்டு மாதத்தில் முதல் தடவையாக எங்கேயும் போகவேண்டும் என்ற அவசரம் எனக்குள் இருக்கவில்லை.